முழுமையான பதிப்பிலிருந்து தொடங்குங்கள்: போக்கிமான் மறுஆக்கங்களைத் தீர்மானிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

போக்கிமான் என்ற கற்பனை உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, சண்டையிடவைக்கும் வீடியோ ஆட்டத் தொடரின் பழைய ஆட்டங்களைப் புதிய கையடக்கக் கருவிகளுக்காக மறுஆக்கம் செய்யும் இயக்குநர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும், எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று இறுதி முடிவெடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

2021 நவம்பர் 19 அன்று நின்டெண்டோவின் சுவிட்ச் கருவிக்கு வெளியான பிரில்லியன்ட் டைமண்ட், ஷைனிங் பேர்ல் ஆட்டங்களில் நீங்கள் எடுத்த ஒரு முடிவே இந்த மடலுக்குக் காரணம். சின்னோ என்ற கற்பனைப் பகுதியின் கதை 2006இல் டைமண்ட், பேர்ல் என்ற இரு ஆட்டங்களாக வந்தது. அவற்றின் குறைகளைக் களைந்து, விடுபட்டவற்றைச் சேர்த்து, 2008இல் பிளாட்டினம் என்ற மூன்றாவது பதிப்பையும் நீங்களே கொண்டுவந்தீர்கள். அதன் பின்னர் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அதே கதையை மறுபடியும் கட்ட உட்கார்ந்தபோது, திருத்தப்பட்ட பிளாட்டினத்தை ஒதுக்கிவிட்டு, திருத்தப்படாத முதல் பதிப்பையே அடித்தளமாக எடுத்துக்கொண்டீர்கள். 2014இல் 3டிஎஸ் கருவிக்கு வந்த ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையர் ஆட்டங்களிலும், ரூபி, சஃபையர் ஆட்டங்களின் மூன்றாவது பதிப்பான எமரால்டின் மிகப் பெரிய பகுதி இப்படித்தான் விடுபட்டது. ஒருமுறை நடந்திருந்தால் நெருக்கடி என்று எண்ணி விட்டுவிடலாம். இருமுறை நடந்துவிட்டது; அடுத்த மறுஆக்கத்திலும் அது நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

கேம் பாய் காலத்திலிருந்து இந்தத் தொடரோடு வளர்ந்தவன் நான். ஒவ்வொரு மறுஆக்கம் வரும்போதும் அதன் மூல ஆட்டத்தையும் எடுத்து, இரண்டையும் அக்கம்பக்கமாக வைத்து, ஊர் ஊராக ஒப்பிட்டு ஆடுவது என் வழக்கம். கீழே சொல்லும் குறைகள் யாவும் அப்படி ஆடிப் பார்த்தபோது கண்ணில் பட்டவை.

ஃபிளின்ட் என்ற பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதையின் இறுதியில் வெல்ல வேண்டிய நால்வரான சின்னோவின் எலைட் ஃபோர் வரிசையில் நிற்கும் அவரை நெருப்பு வகையில் தேர்ந்தவர் என்று ஆட்டமே அறிமுகம் செய்கிறது. ஆனால் டைமண்டில் அவர் களமிறக்கும் ஐந்து போக்கிமான்களில் ராப்பிடாஷ், இன்ஃபர்னேப் ஆகிய இரண்டுதான் நெருப்பு வகை. மற்ற மூன்றும் ஸ்டீலிக்ஸ், லோபன்னி, டிரிஃப்பிளிம். அன்றைய சின்னோ போக்கிடெக்ஸில், அதாவது அப்பகுதிப் போக்கிமான்களின் பட்டியலில், சிம்சார் குடும்பமும் போனிட்டா குடும்பமும் தவிர வேறு நெருப்பு வகையே இல்லாததால் நேர்ந்த குறை அது. பிளாட்டினத்தில் நீங்கள் போக்கிடெக்ஸை 210ஆக விரித்தீர்கள். ஃபிளின்டின் அணியில் ஹவுண்டூமும் ஃபிளேரியனும் மாக்மார்ட்டரும் சேர்ந்தன, ஐந்தும் நெருப்பாயின. அந்த அறைக்குள் நுழைந்து அவரை எதிர்கொண்ட எங்களுக்கு, முதன்முறையாக அவர் தன் பெயருக்கு ஏற்றவராக நின்றார். இவ்வளவும் நடந்த பிறகு, 2021இன் மறுஆக்கத்தில் முதல் மோதலுக்கு அவர் மறுபடியும் ஸ்டீலிக்ஸோடும் லோபன்னியோடும் வந்து நிற்கிறார். நீங்களே கண்டுபிடித்து, நீங்களே சரிசெய்த ஒரு பிழையை மீண்டும் கொண்டுவந்து வைத்ததற்கு என்ன காரணம் இருக்க முடியும் என்று எத்தனை முறை யோசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

ஃபிளின்ட் ஒரு சிறு உதாரணம்தான். கதையில் ஏற்பட்ட இழப்பு அதைவிடப் பெரியது. டைமண்ட், பேர்ல் ஆட்டங்களில் கிராட்டினா என்ற போக்கிமான் கதை முடிந்த பின் ஒரு குகையின் ஆழத்தில் காத்திருக்கும். அது ஏன் அங்கே இருக்கிறது, மற்ற கதையோடு அதற்கு என்ன தொடர்பு என்பது விளங்காது. பிளாட்டினத்தில் அதே கிராட்டினா கதையின் மையத்துக்கு வந்தது. மலையுச்சியிலுள்ள ஸ்பியர் பில்லரில் அது தோன்றி வில்லன் சைரஸை இழுத்துக்கொண்டு போக, நாம் சாம்பியன் சிந்தியாவுடன் டிஸ்டார்ஷன் வேர்ல்டு என்ற தன் உலகுக்குள் இறங்குகிறோம். அங்கே தரை பக்கவாட்டில் திரும்புகிறது, அருவி மேல்நோக்கிப் பாய்கிறது, சுவரில் நடந்து மறுபுறம் போக வேண்டியிருக்கிறது. உணர்ச்சிகளே இல்லாத உலகம் ஒன்றைப் படைக்க நினைத்த சைரஸ், விதிகள் எல்லாம் தலைகீழான அந்த இடத்தில் நின்று பேசும் பேச்சில்தான் அவர் யார் என்பது முழுமையாகப் புரிகிறது. டிஎஸ் கருவியின் சிறிய திரையிலேயே அந்த இடம் அவ்வளவு பிரமிப்பைத் தந்தது என்றால், சுவிட்சின் திரையில் அது எப்படி இருந்திருக்கும் என்று ஆசையோடு காத்திருந்தோம். அந்தக் கதைப்பகுதியே மறுஆக்கத்தில் இல்லை.

பேட்டில் ஃபிரான்டியர் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எங்களில் பலருடைய இழப்பு எவ்வளவு என்பது உங்கள் கணக்கில் ஏறவே இல்லை என்று நினைக்கிறேன். எமரால்டில் ஏழு அரங்குகள் இருந்தன, பிளாட்டினத்தில் ஐந்து. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கதை முடிந்த பின் வரும் கூடுதல் சண்டைக்களம். உள்ளே போனவருக்கு, அதுவரை ஆடிய ஆட்டத்தையே வேறு கண்ணால் பார்க்கச் செய்யும் பள்ளிக்கூடம். பேட்டில் ஃபேக்டரியில் நம் சொந்தப் போக்கிமான்களுக்கு அனுமதி இல்லை. ஆறு இரவல் போக்கிமான்களைக் காட்டுவார்கள். மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு வெற்றிக்குப் பிறகும் எதிராளியின் மூன்றில் ஒன்றை நம்முடைய ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். எனவே சண்டை நடக்கும்போதே இரண்டு கணக்குகள் மனத்தில் ஓடும்: இவரை எப்படி வெல்வது, இவரிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது. கதை முழுவதும் நான் திரும்பிக்கூடப் பார்க்காத போக்கிமான்களை அங்கே இரவல் வாங்கி, அவற்றின் நான்கு நகர்வுகளுக்குள் ஒளிந்திருக்கும் சாத்தியங்களைத் தேடித் தேடிக் கற்றேன். தொடர்ச்சியாக வென்று இருபத்தொன்றாவது சண்டைக்கு வந்து சேர்ந்தால் அரங்கின் தலைவர் தோர்ட்டன் எதிரே நிற்பார். அந்த ஒரு சண்டைக்காக உறக்கத்தை விட்டவர்கள் உலகெங்கும் இருப்பார்கள். மற்ற அரங்குகளுக்கும் இப்படித் தனித்தனி விதிகள் உண்டு. பேட்டில் ஹாலில் ஒரே ஒரு போக்கிமானோடு போக வேண்டும். பேட்டில் ஆர்கேடில் சண்டைக்கு முன் சுழலும் பலகை எது யாருக்கு நேரும் என்று முடிவு செய்யும். பேட்டில் காசிலில் வென்று சேர்த்த புள்ளிகளைச் செலவிட்டுத்தான் மருந்தும் எதிராளி பற்றிய தகவலும் வாங்க முடியும்.

இத்தனையும் இருந்த இடத்தில், 2021இன் மறுஆக்கம் பேட்டில் டவர் ஒன்றை மட்டும் வைத்தது. ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையரிலோ எமரால்டின் ஏழு அரங்குகளுக்குப் பதிலாக, முந்தைய ஆண்டு எக்ஸ், ஒய் ஆட்டங்களில் நாங்கள் ஏற்கெனவே ஆடியிருந்த பேட்டில் மெய்சான் வந்து சேர்ந்தது. பேட்டில் ஃபிரான்டியர் திட்டம் தொடங்கியிருப்பதாக ஒரு பாத்திரம் அந்த ஆட்டத்துக்குள்ளேயே பேசுவதைக் கேட்டபோது, அது பின்னர் வரும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். அது வரவில்லை.

மூலத்துக்கு உண்மையாக இருக்க விரும்பினோம், எனவேதான் முதல் பதிப்பை எடுத்தோம் என்று நீங்கள் சொல்லக்கூடும். மூலத்தின் மீதான மரியாதை எனக்கும் உண்டு; அந்த விளக்கத்தை முழு மனத்தோடு ஏற்றிருப்பேன், அது சீராகக் கடைப்பிடிக்கப்பட்டிருந்தால். மூல டைமண்டில் எக்ஸ்பீரியன்ஸ் ஷேர் என்பது, சண்டையிடாத போக்கிமானுக்கும் அனுபவப் புள்ளிகளைப் பகிர்ந்தளிக்கும் ஒரு பொருள். வேண்டுமென்றால் ஒரு போக்கிமானின் கையில் கொடுக்கலாம். வேண்டாமென்றால் பையிலேயே விட்டுவிடலாம். மறுஆக்கத்தில் அது அணி முழுவதற்கும் எப்போதும் இயங்குகிறது. நிறுத்த வழி இல்லை. நட்பு கூடக் கூட, விழ வேண்டிய அடியிலும் போக்கிமான் எழுந்து நிற்பதும், தானாகவே உறக்கமும் நஞ்சும் நீங்குவதும் அப்படியே. இங்கெல்லாம் மூலத்தை மாற்றத் தயங்கவில்லை. மறுபுறம், போக்கிமானுக்கு ஒரு நகர்வைக் கற்றுக்கொடுக்கும் டிஎம் என்ற பொருள் ஒருமுறை பயன்படுத்தியதும் தீர்ந்துவிடும் முறையை 2010இல் வந்த பிளாக், ஒயிட் ஆட்டங்களிலேயே நீங்கள் கைவிட்டிருந்தீர்கள். எவ்வளவு முறை வேண்டுமானாலும் கற்றுக்கொடுக்கலாம் என்ற அந்த நல்ல மாற்றத்துக்குப் பிறகு, 2021இன் மறுஆக்கத்தில் டிஎம்கள் மறுபடியும் தீர்ந்துபோகத் தொடங்கின. ஆக, எளிமையாக்க வேண்டிய இடத்தில் பழமையும், பழமையை விட்டுவைக்க வேண்டிய இடத்தில் எளிமையும் வந்திருக்கின்றன. மூலத்துக்கு உண்மையாக இருப்பது என்ற ஒரே அளவுகோலால் இவ்விரண்டையும் விளக்க முடியாது.

அந்த ஆட்டங்களில் நல்லவையே இல்லை என்பது என் வாதம் அல்ல. வழியிலுள்ள தடைகளைக் கடக்க உதவும் எச்எம் நகர்வுகளைக் கற்றுக்கொடுக்க ஒரு போக்கிமானின் இடத்தை வீணாக்க வேண்டியதில்லை என்று ஆக்கியது பெரிய நிம்மதி. நிலத்தடிப் பகுதியை கிராண்ட் அண்டர்கிரவுண்டாக விரித்து, அங்கே போக்கிமான்கள் உலவும் குகைகளை வைத்தது உண்மையான வளர்ச்சி. அந்தக் குகைகளில் நான் மகிழ்ச்சியோடு அலைந்திருக்கிறேன். இவ்வளவு செய்யத் தெரிந்தவர்கள் பிளாட்டினத்தை ஏன் விட்டார்கள் என்பதே வருத்தத்தைக் கூட்டுகிறது.

முழுமையான மறுஆக்கம் எப்படி இருக்கும் என்பதை வேறு யாரிடமிருந்தும் நீங்கள் கற்க வேண்டியதில்லை. 2009 செப்டம்பரில் நீங்கள் வெளியிட்ட ஹார்ட்கோல்டு, சோல்சில்வர் போதும். 1999இன் கோல்டு, சில்வர் ஆட்டங்கள் ஜோட்டோ பகுதியோடு நிற்காமல், தொடரின் முதல் ஆட்டங்கள் நடந்த கான்டோ பகுதியையும் ஒரே கேட்ரிட்ஜுக்குள் வைத்திருந்தன. அந்த ஆட்டங்களுக்காக, பின்னாளில் நின்டெண்டோவின் தலைவரான சடோரு இவாட்டா படங்களைச் சுருக்கும் கருவிகளை எழுதித் தந்தது இந்தத் தொடரின் வரலாற்றை அறிந்த அனைவருக்கும் தெரியும். அப்படியும் இடம் போதாமல் கான்டோ மெலிந்துதான் வந்தது. விரிடியன் காடு வெறும் பாதையாகச் சுருங்கியது. செருலியன் குகை இல்லாமலே போனது. பத்து ஆண்டுகள் கழித்து டிஎஸ் கருவியில் அந்த இடங்களைத் திருப்பித் தந்தீர்கள். மரங்களுக்கிடையே வழிதேடி மறுபடியும் அந்தக் காட்டுக்குள் நடந்தபோது, 1999இல் இடமில்லாமல் கழற்றி வைத்ததை இவர்கள் மறக்கவில்லை என்ற எண்ணம் எனக்கு வந்தது. அதோடு நிற்கவில்லை. மூன்றாவது பதிப்பான கிரிஸ்டலில் மட்டும் இருந்த, சூகூன் என்ற போக்கிமானைத் தேடும் யூசினின் கதையைச் சேர்த்தீர்கள். பிளாட்டினத்தின் ஐந்து பேட்டில் ஃபிரான்டியர் அரங்குகளையும் கொண்டுவந்தீர்கள். முன்னணியில் இருக்கும் போக்கிமான் நம் பின்னாலேயே நடந்து வந்தது. பழைய இசையை அப்படியே கேட்க விரும்புவோருக்காக ஜிபி சவுண்ட்ஸ் என்ற ஒரு பொருளையே ஆட்டத்துக்குள் வைத்தீர்கள். மூலத்தின் நினைவையும் மறுஆக்கத்தின் நிறைவையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் இரண்டையும் எங்கள் கையிலேயே ஒப்படைத்த அந்தப் பெருந்தன்மையைத்தான் நான் மீண்டும் கேட்கிறேன்.

அதிலும் ஒரு குறை இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மூலத்தில் சாம்பியன் லான்ஸின் மிக வலிய டிராகனைட் லெவல் 50. அதன் பிறகு சில்வர் மலையில் காத்திருக்கும், முதல் ஆட்டங்களின் நாயகனான ரெட்டின் பிகாச்சு லெவல் 81. இடைப்பட்ட தூரத்தைக் கடக்க கான்டோவின் காட்டுப் போக்கிமான்கள் உதவ மாட்டா. அவற்றின் லெவல் அவ்வளவு தாழ்ந்தது. மறுஆக்கத்திலும் இந்தச் சரிவு பெருமளவு அப்படியே இருந்தது. ரெட்டின் பிகாச்சு 88ஆக உயர்ந்தது. படங்களையும் இசையையும் புதுப்பிப்பதில் செலுத்திய கவனத்தில் ஒரு பங்கு இந்த லெவல் ஒழுங்குக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

கடினத்தைப் பற்றிய என் கோரிக்கைக்கும் இதுவே பின்னணி. பிரில்லியன்ட் டைமண்டை ஆடும்போது என் அணி, வழியில் வெல்ல வேண்டிய ஜிம் லீடர்களைவிட எப்போதும் முன்னே ஓடிவிடாமல் இருக்க, பிடித்த போக்கிமான்களைப் பெட்டியில் இறக்கிவிட்டு, ஒவ்வொரு ஊருக்கும் வேறு அணியைக் கட்டிக்கொண்டு போனேன். அப்படிக் கட்டுப்படுத்தி ஆடியவனுக்குக் கடைசியில் எலைட் ஃபோரும் சிந்தியாவும் திடீரென்று மிகக் கடினமாக வந்து நின்றார்கள். கடினமாக இருந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் நெடுந்தூரம் சமவெளியில் நடத்திவந்து கடைசியில் செங்குத்துப் பாறையைக் காட்டுவது ஆடுபவரைத் தயார்செய்யும் முறை அல்ல. இது முதல் ஆட்டமாக இருக்கும் சிறு பிள்ளைக்கு எக்ஸ்பீரியன்ஸ் ஷேர் துணையாக இருக்கட்டும். அதைப் பறிக்கச் சொல்லவில்லை. அணைத்துவைக்க ஒரு பொத்தான் தந்தால் இருவருக்கும் இடம் கிடைக்கும்.

மறுஆக்கம் முழுமையாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம், மூல ஆட்டங்கள் எங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருப்பது. முதல் இரு தலைமுறை கேட்ரிட்ஜ்களில் நாம் சேமித்த ஆட்டம் ஒரு சிறிய நாணய பேட்டரியின் தயவில் உயிர் வாழ்கிறது. கோல்டு, சில்வரில் பகலிரவைக் காட்டும் கடிகாரத்தையும் அதே பேட்டரிதான் ஓட்டுகிறது, எனவே அது இன்னும் விரைவாகத் தீரும். ஒருநாள் கருவியை இயக்கினேன்; தொடரும் என்ற வரியே திரையில் இல்லை, புதிய ஆட்டம் மட்டும் இருந்தது. சிக்கோரிட்டாவிலிருந்து நான் வளர்த்த மெகானியமும், ஜிம் லீடர் விட்னியின் மில்டாங்கிடம் மறுபடி மறுபடி தோற்றுக் கடைசியில் வென்ற அந்த அணியும் அதோடு போயின. பற்றுவைப்பால் இணைக்கப்பட்ட பேட்டரியை மாற்றக் கற்றுக்கொண்டேன், கேட்ரிட்ஜ் மறுபடி வேலை செய்கிறது, சேமித்தவை திரும்பவில்லை. அது எந்தக் குழுவின் தவறும் அல்ல, அன்றைய தொழில்நுட்பத்தின் இயல்பு.

பழைய கேட்ரிட்ஜ்களைத் தேடி வாங்குவதும் இன்று எளிதல்ல. பயன்படுத்திய எமரால்டு என்று ஒருவரிடம் வாங்கியது போலி என்பது, எலைட் ஃபோரை வென்ற பிறகு சேமித்த ஆட்டம் காணாமல் போனபோதுதான் தெரிந்தது. திறந்து பார்த்தேன், அசலில் கடிகாரத்துக்காக இருக்க வேண்டிய பேட்டரி அந்தப் பலகையில் இல்லை. எமரால்டின் பேட்டில் ஃபிரான்டியரை ஆட விரும்பும் ஓர் இளைஞர் அந்தச் சந்தையில்தான் போய் விழ வேண்டியிருக்கிறது என்றால், மறுஆக்கத்தில் அதை விட்டுவிட்டதன் விலையை அவர் கொடுக்கிறார்.

ஒரு காலத்தில் இதற்கு நல்ல வழி ஒன்றை நீங்களே திறந்துவைத்தீர்கள். 2016 பிப்ரவரி 27 அன்று ரெட், புளூ, யெல்லோ ஆட்டங்களும், 2017இல் கோல்டு, சில்வரும், 2018 ஜனவரியில் கிரிஸ்டலும் 3டிஎஸ் இணையக் கடைக்கு வந்தன. இணைப்புக் கம்பி செய்த வேலையைக் கம்பியில்லாத் தொடர்பு செய்தது. கிரிஸ்டலில் ஜிஎஸ் பால் என்ற பொருளைக் கொண்டு செலபி என்ற அரிய போக்கிமானைச் சந்திக்கும் நிகழ்வு முன்பு ஜப்பானில், கைப்பேசி வழியாக இணைந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. 2018இல் அதை அனைவருக்கும் திறந்துவிட்டீர்கள். 2023 மார்ச் 27 அன்று அந்தக் கடை மூடப்பட்டது. முன்பே வாங்கியவர்கள் இறக்கிக்கொள்ளலாம். புதிதாக யாரும் அங்கே வாங்க முடியாது. பழைய தலைமுறைப் போக்கிமான்களைச் சுவிட்ச் வரை கொண்டுவரும் போக்கிமான் பேங்க் செயலிக்கும் அதே நிலைதான். கேம் பாய் அட்வான்ஸிலிருந்து பால் பார்க் என்ற இடமாற்ற வசதி வழியாக டிஎஸ், அங்கிருந்து இரண்டு டிஎஸ் கருவிகளை அருகருகே வைத்து அடுத்த தலைமுறை, பிறகு பேங்க், பிறகு ஹோம் செயலி என்று நான் கைபிடித்து அழைத்துவந்த போக்கிமான்கள் இன்று சுவிட்சில் இருக்கின்றன. எனக்குத் தெரிந்த ஓர் இளையவர், கடை மூடிய பிறகு பழைய 3டிஎஸ் ஒன்றை வாங்கி இதே பயணத்தைத் தொடங்க நினைத்தார். கருவி இருந்தது, கேட்ரிட்ஜ் இருந்தது. நடுவிலிருந்த பாலத்தைக் கடக்க அவருக்கு வழி இல்லாமல் போயிற்று.

மறுஆக்கங்களும் இதே கதிக்கு ஆளாகக் கூடாது. பிரில்லியன்ட் டைமண்டில் பழைய புராணப் போக்கிமான்களைச் சந்திக்கும் ரமனாஸ் பார்க், வெளியான நாளில் இணையத்திலிருந்து இறக்கிய புதுப்பிப்போடுதான் வந்தது. அந்தப் புதுப்பிப்பைத் தரும் சேவை ஒருநாள் நிற்கும்போது, ஆட்டம் பதிந்த அட்டையை மட்டும் வைத்திருப்பவரிடம் முழு ஆட்டம் இருக்காது. பரிமாற்றத்தால் மட்டுமே பரிணமிக்கும் போக்கிமான்களின் நிலையும் அப்படித்தான். ஹான்டரை கெங்காராக்க இன்னொருவர் வேண்டும் என்பது, இரண்டு கேம் பாய்களைக் கம்பியால் இணைத்து நண்பர்களைச் சேர்த்துவைக்க இத்தொடரை உருவாக்கிய சடோஷி தஜிரி கண்ட கனவிலிருந்து வந்த அழகான விதி. அது இருக்கட்டும். ஆனால் பரிமாற்றத்துக்கு ஆளில்லாதவருக்காக லிங்கிங் கார்டு என்ற பொருளை 2022 ஜனவரியில் வந்த லெஜண்ட்ஸ் ஆர்சியஸில் வைத்தவர்களும் நீங்களே. அதற்கு இரண்டு மாதங்கள் முன்பு வெளியான மறுஆக்கத்தில் அது இல்லை.

இனி பிளாக், ஒயிட் ஆட்டங்களின் களமான யுனோவா பகுதி. மறுஆக்கங்களின் வரிசையில் சின்னோவுக்கு அடுத்து நிற்பது 2010இன் பிளாக், ஒயிட். இந்த மடலை இப்போதே எழுத என்னைத் தூண்டியதும் அதுதான். இங்கே மூன்றாவது பதிப்பு கிடையாது. 2012இன் பிளாக் 2, ஒயிட் 2 இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நடக்கும் தொடர்கதை. பிளாட்டினத்தைக் கைவிட்டதுபோல அவற்றையும் கைவிட்டால், முந்தைய பகுதிகளின் ஜிம் லீடர்களும் சாம்பியன்களும் ஒன்றுகூடும் போக்கிமான் வேர்ல்டு டோர்னமென்ட் போய்விடும். ஆட்டத்தைக் கடினமாக்கும் சேலஞ்ச் மோடும் போய்விடும். பிளாக் 2இல் ஆட்டத்தை முடித்த பிறகுதான் அதற்கான சாவியே கிடைத்தது. தொடக்கத்திலிருந்தே கடினமாக ஆட, ஏற்கெனவே முடித்த வேறொருவர் தன் கருவியிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. அப்படி அனுப்பித்தர ஆள் கிடைக்காமல் எளிய வழியிலேயே முடித்தவர்கள் பலரை நான் அறிவேன்.

பிளாக், ஒயிட்டில் கைவைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. முதன்மைக் கதை முடியும்வரை 156 புதிய போக்கிமான்கள் மட்டுமே காட்டில் தென்படும் என்பது துணிச்சலான முடிவு. பிகாச்சுவும் கிடையாது, ஜூபாட்டும் கிடையாது. எல்லாம் தெரிந்தவர் என்ற மிதப்போடு வந்த எங்களை அது மறுபடி புதியவர்களாக்கியது. போக்கிமான்களை மனிதரிடமிருந்து விடுவிக்க வேண்டுமா என்று கேட்கும் கதைக்கும் அது தேவைப்பட்டது. அந்தக் கதையில் ‘என்’ (N) என்ற பெயரில் வரும் இளைஞன் ஒவ்வொரு சந்திப்பிலும் அந்தந்த இடத்தில் வாழும் போக்கிமான்களோடு வருவான், பிறகு அவற்றை விட்டுவிடுவான். சொல்வதைச் செய்கிறவன் என்பதை எந்த வசனமும் இல்லாமல் அவன் அணியே காட்டிவிடும். பழகிய முகங்களை முதல் புல்வெளியிலேயே கலந்துவிட்டால் இந்தக் கட்டமைப்பு சிதைந்துவிடும். வில்லேஜ் பிரிட்ஜில் நின்றுகொண்டிருக்கும் இசைஞர்களிடம் ஒவ்வொருவராகப் பேசப் பேச, பின்னணி இசையில் அவரவர் பகுதி சேர்ந்துகொண்டே போகும். கடைசியில் பாட்டே முழுமை பெறும். சில பாதைகளில் நாம் நடந்தால் தாளம் சேரும், நின்றால் நிற்கும். புதிய இசைப்பதிவு எவ்வளவு செழிப்பாக இருந்தாலும், இந்த நுட்பங்களை விட்டுவிட்டால் அது யுனோவாவின் இசை ஆகாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை. எந்த ஆட்டத்தை மறுஆக்கம் செய்தாலும், அதன் கடைசியும் முழுமையுமான பதிப்பை அடித்தளமாகக் கொள்ளுங்கள். அதிலிருந்து எதையாவது விடத்தான் வேண்டும் என்றால், வெளியீட்டுக்கு முன்பே அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள், காசு கொடுத்து வாங்கிய பிறகு நாங்களே கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள். பேட்டில் ஃபிரான்டியருக்கு இணையான அரங்குகளை, ஒரே கோபுரமாகச் சுருக்காமல், தனித்தனி விதிகளோடு திருப்பித் தாருங்கள். எக்ஸ்பீரியன்ஸ் ஷேரையும் நட்பின் சண்டைப் பலன்களையும் நிறுத்திவைக்கும் வசதியையும், கடினத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியையும் முதல் திரையிலிருந்தே வையுங்கள். பரிமாற்றப் பரிணாமங்களுக்கு லிங்கிங் கார்டை எல்லா மறுஆக்கங்களிலும் சேருங்கள். அட்டையில் பதிந்து தரும் ஆட்டம், இணையம் இல்லாமலே தொடக்கம் முதல் முடிவு வரை முழுமையாக இருக்கட்டும்.

மறுஆக்கம் ஒன்று வெளியாகும்போது அதன் மூல ஆட்டங்களையும், மூன்றாவது பதிப்பு உட்பட, அதே கருவியில் விற்பனைக்கு வையுங்கள். அந்தக் கருவியின் கடை மூடப்பட்டால் அடுத்த கருவிக்கு அவற்றைக் கொண்டுசெல்லும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பேங்க் செயலியை முன்பு இறக்காதவர்களுக்கும் கிடைக்கும்படி வழிசெய்யுங்கள். அந்தச் சேவையை நிறுத்த நேர்ந்தால், போதிய காலம் முன்பே அறிவியுங்கள். யுனோவாவைத் தொடும்போது பிளாக் 2, ஒயிட் 2 கதையையும் சேர்த்தே திட்டமிடுங்கள்; முதன்மைக் கதை முடியும்வரை அந்த 156 போக்கிமான்களை மட்டுமே காட்டில் உலவவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களை இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவன்